தோல் மண்டியிலிருந்து கல்லூரி வாசல் வரை: குரோம்பேட்டை காயிதே மில்லத்தும் வக்ஃபு என்னும் பொதுச்சொத்தும்

குரோம்பேட்டை என்னும் பெயர் ஒரு தொழிலின் பெயர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லாவரத்தை ஒட்டிச் சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலேயர் நிறுவிய குரோம் லெதர் கம்பெனியே இவ்வூருக்கு அப்பெயரைத் தந்தது. அத்தொழிலின் இரு முனைகளிலும் இரு வேறு மக்கள் நின்றனர். தோலை வாங்கி, விற்று, கப்பலேற்றி அனுப்பியோரில் முஸ்லிம் வணிகர்கள் முதன்மை பெற்றிருந்தனர். சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கி, மயிர் களைந்து, சதை சுரண்டி, அத்தோலை விலைப்பொருளாக மாற்றிய தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் தலித்துகள். தோலின் பெயரைத் தாங்கிய இவ்வூரில், தயா மன்சில் என்னும் இல்லத்தில், தம் வாழ்வின் பிற்பகுதியைக் கழித்தவர் காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிப். அவரும் தோல் வணிகராக இருந்து பொதுவாழ்வுக்கு வந்தவரே.

இஸ்மாயில் சாகிபை நாம் பெரும்பாலும் இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கின் தலைவராகவும், அரசியல் நிர்ணய சபையில் தமிழுக்காகப் பேசியவராகவும், 1967இல் திராவிட முன்னேற்றக் கழகத்தோடு கைகோத்தவராகவும் நினைவுகூர்கிறோம். அவருடைய வாழ்வை வேறொரு கோணத்திலும் வாசிக்க வேண்டியிருக்கிறது. அரசிடம் கேட்ட உரிமை மறுக்கப்பட்டபோது, ஒரு சிறுபான்மைச் சமூகம் தன் வணிகச் செல்வத்தை மாணவர்களுக்கான நிலைத்த சொத்தாக எவ்வாறு மாற்றியது என்பதே அக்கோணம். வக்ஃபு சட்டத் திருத்தம் நாடெங்கும் விவாதமாகியிருக்கும் இக்காலத்தில், சொத்தே இல்லாதவர்களாக வைக்கப்பட்ட தலித் மக்களுக்கு அவ்வரலாற்றில் கற்றுக்கொள்ளவும் உண்டு, கேட்டுப் பெறவும் உண்டு.

பேட்டையிலிருந்து சென்னைக்கு

முகம்மது இஸ்மாயில் 1896 ஜூன் 5 அன்று திருநெல்வேலியை அடுத்த பேட்டையில் பிறந்தார். தந்தையார் மியாகான் ராவுத்தர் வணிகர். மார்க்கக் கல்வியும் பெற்றவர். இளம் வயதிலேயே தந்தையை இழந்த இஸ்மாயிலைத் தாயாரே வளர்த்து ஆளாக்கினார். பள்ளிப் பருவத்திலேயே பேட்டையில் முஸ்லிம் இளைஞர் சங்கம் ஒன்றைத் தொடங்கியவர் அவர். திருநெல்வேலியில் தொடங்கிய அவருடைய கல்வி திருச்சியில் தூய வளனார் கல்லூரியிலும் பின்னர்ச் சென்னையிலும் தொடர்ந்தது. 1920இல் காந்தியார் ஒத்துழையாமை இயக்கத்திற்கு அழைப்பு விடுத்தபோது, பட்டத் தேர்வை எழுதாமலேயே கல்லூரியை விட்டு வெளியேறினார்.

பிற்காலத்தில் கல்லூரிகள் எழ வேண்டும் என்று ஊர் ஊராக வலியுறுத்திய ஒருவர் தமக்கென ஒரு பட்டம் பெறாதவர் என்பது கருதத்தக்கது. படிப்பைத் துறப்பது ஓர் அரசியல் செயலாக இருக்க வேண்டுமானால், துறப்பதற்கு முதலில் படிப்பு கையில் இருக்க வேண்டும். அதே ஆண்டுகளில் தலித் குழந்தைகளுக்குப் பள்ளியின் வாசலே போராடிப் பெற வேண்டிய ஒன்றாக இருந்தது. செங்கல்பட்டு மாவட்டத்தின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனும், பரங்கிமலையில் பிறந்த எம்.சி.ராஜாவும் சென்னைச் சட்டமன்றத்தில் எழுப்பிய கோரிக்கைகளில் பள்ளி, விடுதி, உதவித்தொகை, பொதுவழி ஆகியவை முன்னின்றன. இன்றைய தென்சென்னைப் புறநகர் முழுவதும் அன்று அச்செங்கல்பட்டு மாவட்டத்திலேயே அடங்கியிருந்தது.

தோலும் அறமும்

கல்லூரியை விட்ட இஸ்மாயில் சென்னையில் தோல் வணிகத்தில் இறங்கினார். பெரியமேடு அன்று தோல் மண்டிகளின் நடுவிடம். வட ஆர்க்காட்டின் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய ஊர்களில் ஆவாரம்பட்டை கொண்டு பதனிடப்பட்ட தோல்கள் சென்னைத் துறைமுகம் வழியாக இலண்டன் சந்தையை அடைந்தன. இவ்வணிகத்தில் முன்னணியில் இருந்தவர் ஜமால் முகம்மது சாகிப். இந்திய வணிக, தொழில் கூட்டமைப்பின் தலைவராகவும் விளங்கியவர் அவர். இஸ்மாயில் அவருடைய வட்டத்திலேயே வணிகம் பழகி, பின்னர்த் தோல் வணிகர்களின் அமைப்பிலும் பொறுப்பேற்றார்.

1931இல் இலண்டனில் கூடிய இரண்டாம் வட்டமேசை மாநாட்டில் இந்திய வணிகர்களின் சார்பில் ஜமால் முகம்மது கலந்துகொண்டார். அதே மாநாட்டில் ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் சார்பில் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் அமர்ந்திருந்தனர். தோலால் செல்வம் பெற்றவரும், தோலைத் தொட்டதற்காகவே தீண்டத்தகாதோர் என இழிவுபடுத்தப்பட்ட மக்களின் தலைவர்களும் ஒரே மேசையைச் சுற்றி இருந்தனர். இந்தியப் பொருளியல் வரலாற்றைப் படிப்போர் இக்காட்சியை எளிதில் கடந்து செல்ல இயலாது.

சாதி இந்துக்கள் தீட்டு எனத் தள்ளிய தொழிலை முஸ்லிம் வணிகர்கள் தயங்காமல் மேற்கொண்டனர். ஆதலால் தோல் பதனிடும் ஆலையில் தலித் தொழிலாளி வேலை பெற்றார். நிலவுடைமையாளரின் பண்ணை அடிமை முறையிலிருந்து வெளியேற அது ஒரு வழியாயிற்று. ஆயினும் அவ்வேலை கூலி வேலையாகவே நின்றது. தோலின் விலையை அவர் தீர்மானிக்கவில்லை. சுண்ணாம்பும் பின்னாளில் குரோமிய உப்பும் அவருடைய கைகளையும் நுரையீரலையும் அரித்தன. பல்லாவரம், குரோம்பேட்டைப் பகுதியின் நிலத்தடி நீர் ஆலைக்கழிவால் கெட்டபோது, அதன் சுமையும் ஆலையைச் சுற்றிக் குடியிருந்த ஏழைகளின் தலையிலேயே விழுந்தது.

இரு சமூகங்களின் உறவும் எப்போதும் இணக்கமாக இருந்ததில்லை. 1921இல் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் ஒருபுறமும், வேலைநிறுத்தத்தில் நின்ற சாதி இந்து, முஸ்லிம் தொழிலாளர்கள் மறுபுறமுமாகப் புளியந்தோப்பில் மோதல் மூண்டது. சேரிக் குடிசைகள் எரிந்தன. தலித், முஸ்லிம் ஒற்றுமையைப் பற்றி இன்று பேசுவோர் இக்கசப்பையும் சேர்த்தே பேச வேண்டும்.

வணிகச் செல்வம் அறமாக மாறும் வழக்கம் முஸ்லிம் சமூகத்தில் இஸ்மாயிலின் காலத்திற்கு முன்பே வேரூன்றியிருந்தது. ஜமால் குடும்பத்தார் பெரம்பூரில் ஜமாலியா அரபுக் கல்லூரியைப் பேணினர். வாணியம்பாடி வணிகர்களின் கல்விச் சங்கம் 1919இல் இஸ்லாமியாக் கல்லூரியைத் தொடங்கியது. தனி மனிதரின் ஈகை ஊர்ச் சொத்தாவதற்கு ஒரு சட்ட வடிவமும் சமய வடிவமும் முன்னரே இருந்தன. அவ்வடிவமே வக்ஃபு.

வக்ஃபு எவ்வாறு இயங்குகிறது

ஒருவர் தம் நிலத்தையோ, கட்டடத்தையோ, கடைத்தெருவையோ இறைவனுக்கென அர்ப்பணித்துவிடுவது வக்ஃபு. அர்ப்பணித்த நொடியிலிருந்து அச்சொத்து அவருடையதும் அன்று, அவர் வாரிசுகளுடையதும் அன்று. அதை விற்க இயலாது; அடகு வைக்க இயலாது; பாகம் பிரிக்கவும் இயலாது. அதை மேலாண்மை செய்பவர் முத்தவல்லி. அவர் உரிமையாளர் அல்லர். கணக்குக் காட்டக் கடமைப்பட்ட பொறுப்பாளரே. முதல் அப்படியே நிற்கும். வாடகை, குத்தகை, விளைச்சல் என வரும் வருவாயே செலவிடப்படும்.

ஏழை வரியான ஸகாத்துக்கும் வக்ஃபுக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகிறது. ஸகாத் ஆண்டுதோறும் உரியவர்களின் கையில் சேர்க்கப்பட வேண்டிய பணம், கொடுத்தவுடன் கரைந்துவிடும். வக்ஃபு கரையாதது. ஒரு கடைத்தெருவின் வாடகையால் பள்ளிவாசலின் விளக்கெரியும். அதே வாடகையின் மற்றொரு பங்கால் மதரசாவின் ஆசிரியர் ஊதியம் பெறுவார். மாணவர் விடுதியில் உலை கொதிக்கும். கல்லூரிக் கட்டணம் செலுத்த இயலாத மாணவருக்கு உதவித்தொகை கிடைக்கும். அடக்கத்தலம், மருந்தகம், வழிப்போக்கர் தங்கும் சராய், திருமணக்கூடம் எனப் பல பொதுப்பணிகள் இவ்வாறே நடைபெறுகின்றன. கொடுத்தவர் மறைந்த பின்னரும் கொடை நிற்பதால் இதனை நிலையான தருமம் என இஸ்லாமிய மரபு போற்றுகிறது.

தமிழகத்தில் இவ்வறங்கள் இரு வடிவங்களில் வளர்ந்தன. ஒன்று, வக்ஃபு வாரியத்தின் மேற்பார்வைக்குட்பட்ட பதிவு பெற்ற வக்ஃபு. மற்றொன்று, கல்விச் சங்கம் அல்லது அறக்கட்டளை. சட்டத்தால் இவை வேறு வேறு; நோக்கத்தால் நெருங்கியவை. அதிராம்பட்டினத்தில் எம்.கே.என். மதரசா அறக்கட்டளையின் கீழ் 1955இல் காதிர் முகைதீன் கல்லூரி எழுந்தது. மதுரையில் 1964இல் வக்ஃபு வாரியத்தின் பெயரிலேயே ஒரு கல்லூரி தொடங்கப்பட்டது. மார்க்கக் கல்விக்கென எழுந்த கொடை அறிவியல், வணிகவியல் வகுப்பறைகளாகவும் விரிந்ததை இவை காட்டுகின்றன.

இழந்த தொகுதிகள்

இஸ்மாயில் சாகிப் இத்திசையில் முழுமையாகத் திரும்பியதற்கு அவருடைய அரசியல் வாழ்வே காரணம் என நாம் கருதுகிறோம். 1946 தேர்தலுக்குப் பின் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் முஸ்லிம் லீக் காங்கிரசுக்கு அடுத்த பெரிய கட்சியாயிற்று. இஸ்மாயில் எதிர்க்கட்சித் தலைவரானார். அப்போது மாகாணத்தில் நடைமுறையில் இருந்த ஏற்பாடு வகுப்புவாரி அரசாணை. 1920களின் இறுதியில் செயலுக்கு வந்த வடிவத்தில், அரசுப் பணியிடங்கள் 12 என்றால் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 5, பார்ப்பனருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறித்தவருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் 2, ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு 1 என அது பங்கிட்டது. பங்கு சிறிதாயினும் முஸ்லிமும் தலித்தும் ஒரே ஆணையால் அரசு அலுவலகத்திற்குள் நுழைந்தனர்.

நாட்டுப் பிரிவினை எல்லாவற்றையும் மாற்றியது. வசதி படைத்தோர் பலர் பாகிஸ்தான் சென்றனர். எஞ்சியோர் ஐயத்தோடு பார்க்கப்பட்டனர். முஸ்லிம் லீக் என்னும் பெயரையே கைவிடுமாறு அறிவுறுத்தியோர் பலர். இந்நிலையில் 1948 மார்ச் 10 அன்று சென்னையில் கூடியோர் இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கை நிறுவி, இஸ்மாயிலைத் தலைவராகத் தேர்ந்தனர். சமூகத்தின் வழிகாட்டி எனப் பொருள்படும் காயிதே மில்லத் என்னும் பெயரால் மக்கள் அவரை அழைத்தனர்.

அதே ஆண்டில் அவர் அரசியல் நிர்ணய சபைக்குள் நுழைந்தார். அங்கே வரைவுக்குழுத் தலைவராக இருந்த அம்பேத்கர், 1946இல் பம்பாயிலிருந்து செல்ல இயலாத நிலையில் ஜோகேந்திரநாத் மண்டலின் முயற்சியால் வங்காளத்திலிருந்து முதலில் தேர்வானவர். இஸ்மாயிலும் அம்பேத்கரும் எல்லாவற்றிலும் உடன்பட்டவர்கள் அல்லர். 1948 நவம்பரில் பொது உரிமையியல் சட்டம் பற்றிய பிரிவில் சமயத் தனிச்சட்டங்களுக்குப் பாதுகாப்புக் கோரி இஸ்மாயில் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை. ஆயினும் அத்தகைய சட்டம் விரும்பி ஏற்போருக்கு மட்டும் முதலில் பொருந்துமாறு வருங்கால நாடாளுமன்றம் அமைக்கக்கூடும் என அவர் குறிப்பிட்டார். 1949 செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதத்தில், பழைமையும் வளமும் கருதினால் தமிழே அவ்விடத்திற்குத் தகுதி உடையது என இஸ்மாயில் வாதிட்டார்.

அவருடைய வாழ்வின் பெருந்தோல்வி 1949 மே மாதத்தில் நேர்ந்தது. சமயச் சிறுபான்மையினருக்கான சட்டமன்ற இடஒதுக்கீட்டை நீக்கி, பட்டியல் சாதியினருக்கு மட்டும் அதனைத் தொடர்வது என ஆலோசனைக்குழு முடிவு செய்தது. முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதி வாக்குரிமை வேண்டும் என்று இஸ்மாயில் முன்வைத்த திருத்தம், வல்லபாய் படேலின் கடும் எதிர்ப்புக்கிடையே தோற்கடிக்கப்பட்டது. தலித் வாசகர்களுக்கு இத்தோல்வியின் பொருள் விளக்காமலே விளங்கும். 1932 ஆகஸ்டில் வகுப்புவாரித் தீர்ப்பால் கிடைத்த தனித்தொகுதி உரிமையை, காந்தியாரின் உண்ணாநோன்பின் அழுத்தத்தில் எரவாடாவில் செப்டம்பர் 24 அன்று நாம் இழந்தோம். ஒரு சமூகம் 1932இலும் மற்றொன்று 1949இலும் ஒரே பாடத்தைக் கற்றன: பெரும்பான்மையின் வாக்கால் தேர்வாகும் பிரதிநிதி, பெரும்பான்மையின் மனநிறைவுக்கே முதலில் கடமைப்படுவார்.

இதற்குப் பின் இரு சமூகங்களின் வழிகள் பிரிந்தன. தலித்துகளுக்குக் கூட்டுத்தொகுதியில் ஒதுக்கீடும், கல்வியிலும் பணியிலும் அரசின் ஒதுக்கீடும் இருந்தன. 1944இலேயே தொடங்கப்பட்ட பட்டியல் சாதி மாணவர் உதவித்தொகை விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்தது. முஸ்லிம்களுக்குச் சட்டமன்ற ஒதுக்கீடு போயிற்று; 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் வகுப்புவாரி அரசாணையும் உச்ச நீதிமன்றத்தால் வீழ்ந்தது. எஞ்சியது அரசமைப்பின் 30ஆம் பிரிவு. சிறுபான்மையினர் தமக்கு விருப்பமான கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தலாம் என அது உறுதியளித்தது. ஆனால் உரிமை கட்டடம் ஆகாது. அதற்கு நிலமும் பணமும் வேண்டும். காயிதே மில்லத் தம் சமூகத்து வணிகர்களை நோக்கித் திரும்பியது இவ்விடத்திலேயே.

கல்லூரிகளின் காலம்

அடுத்த 25 ஆண்டுகளில் தென்னாட்டில் எழுந்த முஸ்லிம் கல்லூரிகளின் வரிசை வியப்பூட்டுவது. 1948இல் கோழிக்கோட்டருகே ஃபாரூக் கல்லூரி. 1951இல் சென்னையில் புதுக்கல்லூரி, திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரி. 1955இல் அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரி. 1956இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி. 1965இல் மேல்விஷாரத்தில் அப்துல் ஹக்கீம் கல்லூரி. 1970இல் இளையான்குடியில் டாக்டர் சாகிர் உசேன் கல்லூரி. 1971இல் பாளையங்கோட்டையில் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி. இவற்றை அவர் தனியொருவராக உருவாக்கினார் என்பது மிகை. ஒவ்வொன்றின் பின்னும் ஊர்ச் செல்வந்தரும் சங்கத்தாரும் நின்றனர். அவர்களைத் தூண்டியும், பூசல் வந்த இடத்தில் சமன்செய்தும், கல்வியே சமூகத்தின் முதற்பணி என இடைவிடாது வலியுறுத்தியும் நின்றவர் அவர் என்பதே சரியான மதிப்பீடு.

1952 முதல் 1958 வரை அவர் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தார். அக்காலத்திலேயே, சிதறிக் கிடந்த வக்ஃபுகளைப் பதிவு செய்யவும் கணக்குக் கேட்கவும் வகைசெய்த 1954ஆம் ஆண்டு வக்ஃபுச் சட்டம் நிறைவேறியது. முத்தவல்லியின் நேர்மையை மட்டும் நம்பியிருந்த அறம், மாநில வாரியத்தின் மேற்பார்வைக்கு உட்பட்டது. 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் கேரளத்தின் மஞ்சேரித் தொகுதி அவரை மக்களவைக்கு அனுப்பியது. பெரிய பதவிகளில் இருந்தும், குரோம்பேட்டையில் எளிய வாழ்க்கை நடத்தியவர் என்றே இன்றும் அவர் நினைவுகூரப்படுகிறார்.

அக்குரோம்பேட்டையிலேயே கல்விக் கொடையின் தேவையை உணர்த்தும் இன்னொரு வரலாறும் உண்டு. சி.ராஜம் தம் மாளிகையை விற்ற பணத்தை முதலாக இட்டு, 1949இல் அங்கே சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியைத் தொடங்கினார். 1950களின் நடுவில் அதில் சேர இடம் பெற்ற இராமேசுவரத்து மாணவர் ஒருவருக்குச் சேர்க்கைக்கான 1,000 ரூபாய் இல்லை. அவருடைய தமக்கை சோஹரா தம் பொன்வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்து அத்தொகையைத் திரட்டித் தந்தார். அம்மாணவர் பின்னாளில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம். ஒருவரின் கொடை கல்லூரியை எழுப்பியது. ஆயினும் அதன் வாசலைக் கடக்க ஒரு பெண்ணின் நகை தேவைப்பட்டது. கட்டடத்திற்கான கொடையும் மாணவருக்கான கொடையும் வேறு வேறு. இரண்டும் சேர்ந்தால்தான் ஏழைக்குக் கல்வி. அடகு வைக்கத் தமக்கையிடம் பொன் இல்லாத வீடுகளின் பிள்ளைகள் எத்தனை பேர் அவ்வாசலிலேயே திரும்பினர் என்பதை எந்த ஆவணமும் சொல்லாது.

வக்ஃபும் பஞ்சமி நிலமும்

இங்கே நாம் நம் வரலாற்றை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். வக்ஃபு உருவாக வேண்டுமாயின் முதலில் ஒருவரிடம் சொத்து இருக்க வேண்டும். சொத்து வைத்திருக்கும் உரிமையையே சாதி நெடுங்காலம் மறுத்த சமூகத்தில் வக்ஃபு போன்ற ஒன்று தானாக எழ வழியில்லை. ஆயினும் அதற்கு நெருங்கிய ஒன்று நமக்கும் இருந்தது. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர், பறையர்களின் நிலை குறித்து அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க அரசு ஆணையிட்டது. பஞ்சமி நிலம் எனப்பட்ட அதனைக் குறிப்பிட்ட காலம் வரை விற்க இயலாது. அதன் பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பார் அல்லாதாருக்கு விற்றால் செல்லாது.

விற்க இயலாத சொத்து என்னும் தன்மையில் இரண்டும் ஒத்தவை. ஒன்று இறைவனின் பெயரால் காக்கப்பட்டது; மற்றொன்று அரசின் நிபந்தனையால். இரண்டும் சூறையாடப்பட்டன. வக்ஃபு நிலங்கள் பலவற்றில் ஆக்கிரமிப்பாளர்களும் அரசு அலுவலகங்களும் குடியேறின. சில இடங்களில் முத்தவல்லிகளே அற்ப வாடகைக்குத் தாரைவார்த்தனர். பஞ்சமி நிலங்களில் பெரும்பகுதி ஆதிக்கச் சாதியினரின் கைக்கும், பின்னர் மனைத்தொழில் செய்வோரின் கைக்கும் போயின. காரணை நிலத்தை மீட்கப் போராடி, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரிழந்தனர். ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. வக்ஃபுக்கு ஒரு வாரியமும், தீர்ப்பாயமும், பதிவேடும் உண்டு. பஞ்சமி நிலத்திற்கு அவ்வாறான நிலைத்த காவல் அமைப்பு இன்றளவும் இல்லை.

வகுப்பறையில் யார் அமர்கிறார்

அடுத்த கேள்வி சற்றுக் கடினமானது. 2005ஆம் ஆண்டின் 93ஆம் அரசமைப்புத் திருத்தம், தனியார் கல்வி நிறுவனங்களிலும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோருக்கு இடம் ஒதுக்க அரசுக்கு அதிகாரம் அளித்தது. ஆனால் சிறுபான்மை நிறுவனங்களுக்கு அது விலக்களித்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. ஆதலால் தோல் வணிகத்தின் செல்வத்தால் எழுந்த கல்லூரியொன்றில், அத்தோலைப் பதனிட்டவரின் பெயர்த்தி ஒதுக்கீட்டின் பெயரால் இடம் கேட்க இயலாது.

சிறுபான்மையினரின் உரிமையைப் பறித்து இதனைத் தீர்க்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அவ்வுரிமை எப்படிப்பட்ட தோல்விக்குப் பின் எஞ்சியது என்பதை மேலே கண்டோம். மேலும் இக்கல்லூரிகள் பலவற்றில் எல்லாச் சமூகத்து மாணவர்களும் தொடக்கம் முதலே பயின்று வருகின்றனர். வாணியம்பாடி, திருச்சி, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் தலித் குடும்பங்களின் முதல் பட்டதாரிகளை உருவாக்கியதில் அவற்றுக்கும் பங்குண்டு. நாம் சொல்வது, சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்திலும் அறத்தின் கடன் நிற்கிறது என்பதே. தோல் பதனிடும் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகளுக்கென இவ்வறக்கட்டளைகள் தாமே முன்வந்து இடமும் விடுதியும் உதவித்தொகையும் ஒதுக்குமாயின், அது கருணையாகாது. நெடுநாள் நிலுவையைத் தீர்ப்பதாகும்.

இஸ்லாத்தைத் தழுவிய தலித்துகளின் நிலை இன்னும் நெருக்கடியானது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவரை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்கிறது. 1981இல் மீனாட்சிபுரத்தில் மதம் மாறியவர்களைப் போன்றோர், சாதி இழிவிலிருந்து வெளியேறியதற்கு விலையாகப் பட்டியல் சாதியினருக்கான உரிமைகளை இழந்தனர். அவர்களுடைய பிள்ளைகளுக்குச் சமூகத்தின் அறக்கட்டளை வெறும் கூடுதல் உதவி அன்று. பல வேளைகளில் அதுவே முதன்மையான வழி.

மறைவும் மரபும்

காயிதே மில்லத் 1972 ஏப்ரல் 5 அன்று சென்னையில் மறைந்தார். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். சென்னை அண்ணா சாலையில் உள்ள அரசு மகளிர் கல்லூரி அவர் பெயரைத் தாங்குகிறது. குரோம்பேட்டைக்குச் சிறிது தொலைவிலேயே, மேடவாக்கத்தில், அவர் பெயரால் அமைந்த அறக்கட்டளையின் ஆடவர் கல்லூரி இயங்குகிறது. தாம்பரத்தைத் தாண்டினால் வண்டலூரில், 1984இல் பி.எஸ்.அப்துர் ரகுமான் தொடங்கிய கிரசென்ட் பொறியியல் கல்லூரி இன்று பல்கலைக்கழகமாகியிருக்கிறது. வணிகம் அறமாகும் அந்த மரபு தென்சென்னைப் புறநகரில் தொடர்கிறது.

ஆனால் காலம் மாறியிருக்கிறது. சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகையை ஒன்றிய அரசு 2022இல் நிறுத்தியது. 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வக்ஃபு திருத்தச் சட்டம், வாரியங்களில் முஸ்லிம் அல்லாதாருக்கு இடமளித்தது. நெடுநாள் பயன்பாட்டால் வக்ஃபாகக் கருதப்படும் முறையை இனிவரும் சொத்துகளுக்கு நீக்கியது. ஐந்து ஆண்டுகள் இஸ்லாத்தைக் கடைப்பிடித்தவரே வக்ஃபு செய்யலாம் எனவும் நிபந்தனை விதித்தது. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்நிபந்தனையை, உரிய விதிகள் வகுக்கப்படும் வரை நிறுத்திவைத்துள்ளது. அந்த ஐந்தாண்டு நிபந்தனை யாரைக் குறிவைக்கிறது எனச் சிந்தித்தால், புதிதாக மதம் மாறிய தலித்தும் அதில் அகப்படுவது தெரியும். தம் உழைப்பால் வாங்கிய ஒரு துண்டு நிலத்தைத் தம் புதிய சமூகத்தின் பள்ளிக்கு அவர் உடனே கொடுக்க இயலாது. அவருடைய நம்பிக்கையை அரசு ஐந்தாண்டுகள் சோதிக்கும்.

ஒரு சமூகத்தின் பொதுச்சொத்தில் அரசு கைவைக்கத் தொடங்கினால், அது அச்சமூகத்தோடு நிற்காது என்பதைப் பஞ்சமி நிலத்தின் வரலாறு நமக்கு முன்பே சொல்லியிருக்கிறது. ஆகவே வக்ஃபைக் காப்பதில் தலித் இயக்கங்களுக்கும் அக்கறை உண்டு. பஞ்சமி நிலங்களை முழுமையாகக் கணக்கெடுத்து, பதிவேடும் தீர்ப்பாயமும் கொண்ட ஒரு வாரியத்தின் கீழ் கொண்டுவர வேண்டும் என்னும் கோரிக்கையை இத்தருணத்தில் நாம் உரக்க எழுப்ப வேண்டும். மீட்கப்படும் நிலத்தின் வருவாயில் ஒரு பங்கு அவ்வூர்ச் சேரியின் மாணவர்களுக்கு விடுதியாகவும் கட்டணமாகவும் திரும்புமாயின், சொத்து மறுக்கப்பட்ட மக்களின் கையிலும் கரையாத முதல் ஒன்று இருக்கும். அதற்கான வழிமுறை நம் அருகிலேயே, நம் முன்னோரின் உழைப்பும் கலந்த கல்லூரிகளில், பல பத்தாண்டுகளாக இயங்கி வருகிறது.